பெட்டக அறையின் நான்கு எண்கள்

நாற்பத்து மூன்று வருடங்களாக அந்த இரும்புக் கதவு திறந்தே கிடந்தது. மூடினால் என்ன ஆகும் என்று பிராண்ட்வோல்ட் கவுண்டி என்ற மாவட்டத்தின் பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தே ஆகவேண்டும் என்று ரெனே ஹாக்ஸ்டடுக்குத் தோன்றியது ஒரு ஜனவரி மாதச் செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபதுக்கு. அதற்குக் காரணம் சார்ஜென்ட் பிரூயிட்டின் கையிலிருந்த ஸ்டாப்வாட்ச்.

"நாலு நிமிஷம் பதினொரு செகண்ட்," என்றார் பிரூயிட். அதை இன்னொரு முறை பார்த்தார், ஏதோ கோளாறாக இருக்கும் என்பதுபோல. "பன்னிரண்டு பேரு. ஒரு கதவு. இருபது படி. எப்படிங்க இவ்வளவு நேரம்?"

பின்படிக்கட்டின் அடியில் பன்னிரண்டு பேரும் கோட்டும் கையுறையுமாக நின்றார்கள். எல்லோரும் தங்கள் காலணியைப் பார்த்தார்கள். துப்பாக்கியோடு ஒருவன் கட்டடத்துக்குள் நுழைந்தால் எப்படித் தப்புவது என்று கற்றுக்கொடுக்க ஷெரிஃப் அலுவலகம் அனுப்பிய ஆள் பிரூயிட். டெக்சாஸில் பிறந்தவர். மினசோட்டாவுக்கு வந்து ஒன்பது குளிர்காலம் ஆகியும் இந்த ஊர்க்காரர்கள் அவருக்கு இன்னும் புதிராகவே இருந்தார்கள்.

"நானே சொல்றேன். ஒருத்தர் கதவைப் புடிச்சுகிட்டு 'நீங்க போங்க'ங்கறாரு. அடுத்தவரு 'ஐயோ பரவால்ல, நான் புடிக்கிறேன், நீங்க போங்க'ங்கறாரு. கீழே நின்னு எல்லாத்தையும் கேட்டேன். எங்க ஊர்ல இந்த நேரத்துல ஒரு கல்யாணத்தையே முடிச்சிருப்பாங்க." அவர் கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "சரி, அது போகட்டும். துப்பாக்கிக்காரனா நடிச்சது நான். அட்டை தேய்ச்சாத்தான் தெறக்கும் உங்க பக்கவாசக் கதவு. எங்கிட்ட அட்டை கெடையாது. எனக்கு யாரு தெறந்து விட்டது?"

பதிவாளர் மார்லிஸ் தோர்சன் மெல்லக் கையைத் தூக்கினாள். அறுபத்து மூன்று வயது, அலுவலகத்துக்கே தலைவி. "கையில பெட்டியோட நின்னீங்க. பாவமா இருந்துது."

"காலிப் பெட்டி மேடம்."

"அது எனக்கெப்படித் தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். ரெனே மட்டும் சிரிக்காமல் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டுதான் இருந்தது. பதிமூன்று இருக்க வேண்டும்.

பதிமூன்றாவது ஆள் கர்ட் பிரெக்கி. படிக்கட்டின் உச்சியில் தன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து கம்பிவழியாகக் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பத்தொன்பது வயதில் உறைந்த ஏரிமேல் பனிவண்டி ஓட்டியபோது கவிழ்ந்து முதுகெலும்பு போனது, இப்போது நாற்பத்தாறு. ரெனேயும் அவனும் பதினாறு வருடங்களாக எதிரெதிர் மேசை. ஆபத்து நேரத்தில் லிஃப்ட் ஓடாது. யார் யார் எங்கே போக வேண்டும் என்று அச்சடித்துக் கொடுத்த தாளில் அவன் பெயருக்கு எதிரே ஒரே வார்த்தை இருந்தது: காத்திருக்கவும்.

"ஓடு, ஒளி, போராடு," என்று மேலிருந்து குரல் கொடுத்தான் கர்ட். "இதானே சார்ஜென்ட் உங்க மூணு வார்த்தை? மொத வார்த்தை எனக்கு ஒத்து வராது. மூணாவதுக்கு எங்கிட்ட ஒரு ஸ்டேப்ளர் இருக்கு. நடு வார்த்தைக்கு மட்டும் ஒரு எடம் காமிங்க."

பிரூயிட் ஸ்டாப்வாட்சைச் சட்டைப்பைக்குள் போட்டார். 

ரெனே மேலே வந்து தன் மேசையில் உட்கார்ந்தாள். கர்ட்டின் நாற்காலியிலிருந்து பெட்டக அறை வாசல்வரை கண்ணால் அளந்தாள். பதினோரு தப்படி. வழியில் படி இல்லை, வாசல்பலகை இல்லை. உள்ளே கவுண்டியின் நிலப் பத்திரங்கள் எல்லாம், பத்தடிக்கு இருபதடி அறையில், இரண்டடிக் கருங்கல் சுவருக்குள். வாசலில் அந்தக் கதவு. ஒரு சாண் கனம், வெளிப்பக்கம் எண் தட்டு, கைப்பிடிச் சக்கரம். கீழே அதை நகரவிடாமல் ஒரு ரயில் தண்டவாளத் துண்டு.

"கர்ட், அந்தக் கதவு உள்பக்கமாப் பூட்டுமா?"

"தெரியாது."

"யாருக்குத் தெரியும்?"

"செத்துப் போனவங்களுக்கு."

நாற்பத்து மூன்று வருடத்துக்கு முன்பு இருந்த பதிவாளர் மாரடைப்பில் போனபோது பூட்டின் எண்களும் அவரோடு போய்விட்டன. நல்லவேளையாக அன்று கதவு திறந்திருந்தது. அன்றைக்கே தண்டவாளத் துண்டு வந்தது. அதன்பின் தரையைக் கூட்டுகிறவர்கூட அதைத் தொடுவதில்லை. தவறி மூடிவிட்டால் ஒரு கவுண்டியே உள்ளே மாட்டிக்கொள்ளும்.

ஒரு விஷயம் தெரியாமல் இருந்துவிட்டால் ரெனேவுக்குப் பல்லிடுக்கில் மக்காச்சோள நார் சிக்கிய மாதிரி. நாக்கு அங்கேயே போகும். இரவு சாப்பாட்டின்போதும் போனது. தூங்கும்போதும் போனது. மறுநாள் காலை பல் தேய்க்கும்போது, நிஜமாகவே பல்லிடுக்கைத் துழாவிக்கொண்டிருந்தபோது, அவளுக்கு உறைத்தது. அவள் வேலை பார்ப்பது எங்கே? இந்த ஊரில் எது நடந்தாலும் பதிவாகும் இடத்தில். பூட்டை மாட்டியவனும் பதிவு செய்யாமலா போயிருப்பான்?

வில்லங்கம் பார்ப்பது அவள் தொழில். அந்தக் கதவுக்கே ஒரு வில்லங்கம் போட்டுப் பார்த்தாள்.

'கதவு' என்று தேடினாள், இல்லை. 'பெட்டகம்' என்று தேடினாள்; அதுவும் இல்லை. புதன், வியாழன் இரண்டு நாளும் மதிய இடைவேளை அதிலேயே போனது. பழைய அட்டவணைப் புத்தகங்களில் பொருளின் பெயர் இருக்காது என்பது பதினாறு வருடம் வேலை பார்த்தவளுக்கே மறந்துவிட்டது. அதில் இருப்பவை இரண்டே இரண்டு பெயர்கள்: எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர். பூட்டின் எண்ணை யார் யாருக்கு எழுதிக் கொடுத்திருப்பார்கள்? செய்த கம்பெனி, கவுண்டிக்கு. எழுதி வாங்கியவர் வரிசையில் கவுண்டியின் பெயரைப் பிடித்தாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். பாலம், சாக்கடை, பள்ளிக்கூட நிலம், பாலம். இருநூற்று நாற்பதாவது வரியில் அவள் விரல் நின்றது. 1911, நவம்பர். தரப்பட்டது: நான்கு எண்களும் செய்முறையும்.

"கர்ட்," என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

அவன் சக்கரத்தை உருட்டி வந்து, அந்த வரி காட்டிய பத்திரத்தை எடுத்துப் படித்தான். இரண்டு பக்கம், அழகான சாய்ந்த கையெழுத்து. உள்ளே தவறி மாட்டிக்கொண்டவர் திறந்துகொள்ள ஒரு சக்கரம் உண்டு. அதையே எதிர்ப்பக்கம் சுற்றினால் உள்ளிருந்து பூட்டும். பூட்டிய பிறகு வெளியே இருப்பவர் எண் போட்டால்தான் திறக்க முடியும். சுவரில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு வளைந்த காற்றுக் குழாய், பித்தளை மூடியோடு. கடைசியில் நான்கு எண்கள்.

"இது பொது ஆவணம்," என்றான் கர்ட் நிதானமாக. "ரெண்டு டாலர் கட்டுனா யாருக்கு வேணா நகல் குடுப்போம். நூறு வருஷத்துக்கு மேல."

"யாரும் கேக்கலையே."

"கேட்டா தொந்தரவு குடுக்கறதா ஆயிடும்ல. நம்ம ஊர்க்காரங்க கேப்பாங்களா?"

வெள்ளிக்கிழமை மதியம் மார்லிஸ் மீன் வறுவல் சாப்பிடக் கிளம்பினாள். மற்றவர்களும் போனார்கள். ரெனே தண்டவாளத் துண்டைக் காலால் நகர்த்தினாள். முதலில் கதவைத் திறந்தபடியே வைத்து உள் சக்கரத்தைச் சுற்றினாள். கதவின் விளிம்பிலிருந்து எட்டு இரும்புத் தாழ்கள் வெறும் காற்றுக்குள் நீண்டன. எண்கள் மாறியிருந்தாலும் மோசம் போகாது, கதவு திறந்துதானே இருக்கிறது. கர்ட் எண் தட்டைச் சுழற்றினான். இடப்பக்கம் நான்கு சுற்று, வலம் மூன்று, இடம் இரண்டு, வலம் ஒன்று, ஒவ்வொன்றையும் அதற்குரிய எண்ணில் நிறுத்தினான். தாழ்கள் வெண்ணெயில் கத்தி போவதுபோல உள்ளே போயின.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இப்ப நான் உள்ள போறேன்," என்றாள் ரெனே.

"எதுக்கு? வேலை செய்யுதுன்னுதான் தெரிஞ்சிடுச்சே."

"உள்ள எப்படி இருக்கும்னு தெரிய வேண்டாமா?"

கதவு மூடியது. சத்தம் என்ற ஒன்றே உலகத்தில் இல்லாமல் போனது. பழைய காகிதத்தின் வாசனை. ஒற்றைக் குழல்விளக்கு. அவள் சக்கரத்தை ஒன்பது சுற்று சுற்றினாள். தாழ்கள் கல்லுக்குள் இறங்கின. பித்தளை மூடியைத் திருகி எடுத்துக் காதை வைத்தாள். வெளியே கர்ட் விசிலடிப்பது ஏதோ கிணற்றடியிலிருந்து வருவதுபோலக் கேட்டது. பிறகு விசில் நின்றது. யாரோ பேசினார்கள். பிறகு எண் தட்டு சுழலும் சத்தம் எலும்புக்குள் கேட்டது.

கதவு திறந்தபோது கர்ட்டுக்குப் பின்னால் மார்லிஸ் நின்றிருந்தாள். மறந்துபோன கையுறையை எடுக்க வந்தவள்.

"ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்து நாலுலேருந்து உள்ள பத்திரம் எல்லாம் உள்ளதான் இருக்கு," என்றாள். முகம் வெளுத்திருந்தது.

"தெரியும். நானும் உள்ளதான் இருந்தேன்."

"தாழ் சிக்கிக்கிட்டா? நூறு வருஷத்து இரும்பு ரெனே. நாலாயிரம் பண்ணையோட தலையெழுத்து. வேண்டாம் கண்ணு. இனிமே அந்தக் கதவைத் தொடக் கூடாது. சொல்றேன்னு தப்பா நினைச்சுக்காத."

கட்டளையிடும்போதும் மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவளுக்கு. ஆனால் அது கட்டளைதான். ரெனே குனிந்து தண்டவாளத் துண்டை எடுத்தாள்.

"மார்லிஸ்," என்றான் கர்ட். பதினாறு வருடத்தில் அவன் யாரிடமும் எதையும் கேட்டு ரெனே பார்த்ததில்லை. "அந்தத் தாள்ல எனக்கு 'காத்திருக்கவும்'னு எழுதியிருக்கு. எதுக்குக் காத்திருக்கணும்னு எழுதலை."

மார்லிஸ் கையுறையை மாட்டினாள். கழற்றினாள். மறுபடி மாட்டினாள்.

"அப்ப சரி," என்று சொல்லிவிட்டு மீன் சாப்பிடப் போனாள்.

அடுத்த பயிற்சிக்கு வந்த பிரூயிட் கதவைக் கண்டு குழந்தைமாதிரி ஆகிவிட்டார். எண்களை மனப்பாடம் செய்துகொண்டார். திட்டம் சுலபமானது. துப்பாக்கிச் சத்தம் கேட்டால் பின்படிக்கட்டுப் பக்கம் இருக்கிற பத்துப் பேரும் ஓடவேண்டும், கதவை யாரும் யாருக்காகவும் பிடிக்கக் கூடாது. மேற்குப் பக்கம் இருக்கும் கர்ட், ரெனே, மார்லிஸ் மூவரும் பெட்டக அறைக்குள். ரெனே சக்கரத்தைச் சுற்ற வேண்டும். பிறகு யாருக்கும் திறக்கக் கூடாது. போலீஸ் வந்தால் எண் போட்டுத் தாங்களே திறப்பார்கள்.

உள்ளே போனார்கள். பூட்டினார்கள். இரண்டு நிமிடம் கழித்துக் குழாயில் ஒரு குரல் வந்தது. "தொந்தரவுக்கு மன்னிக்கணும், என் கோட்டை உள்ள வச்சுட்டேன் போல."

மார்லிஸ் சக்கரத்தைச் சுற்றத் தொடங்கிவிட்டாள்.

வெளியே பிரூயிட் தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். "மேடம், நான் துப்பாக்கிக்காரன்."

"கோட்டுன்னு சொன்னீங்களே."

அன்றுதான் பிரூயிட் அந்த விதியைக் கண்டுபிடித்தார். மூவரில் ஒருவர் வெளியே மாட்டிக்கொண்டு ஓடிவந்து கதவைத் தட்டினால் என்ன செய்வது? அவர் தனியாக நிற்கிறாரா, கழுத்தில் துப்பாக்கி வைத்து ஒருவன் பேசச் சொல்கிறானா என்று உள்ளே இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்? குழாய் வளைந்தது, பார்க்க வழியில்லை.

"துப்பாக்கிக்காரன் நைசாப் பேசச் சொல்லுவான். அதனால தலைகீழா வச்சுக்குவோம். தனியா இருந்தா திட்டணும். நாக்கூசாம, கெட்ட வார்த்தையில. மரியாதையாப் பேசுனா பின்னாடி ஆள் இருக்குன்னு அர்த்தம், தெறக்காதீங்க. இந்த ஊர்ல யாரும் தற்செயலாத் திட்டிட மாட்டீங்க. பூட்டுக்கு மேல பூட்டு." அவர் குதூகலமாகிவிட்டார். "ஒத்திகை பாப்போம். ரெனே மேடம், நீங்க மொதல்ல."

ரெனே வெளியே நின்று திட்டினாள். காது சிவந்தது, ஆனால் திட்டிவிட்டாள். கர்ட் திட்டியதில் இரண்டு வார்த்தைகள் பிரூயிட்டுக்கே புதிது. மார்லிஸின் முறை வந்தது.

"தெற... தெறந்து..." குழாயில் ஒரு செருமல். "முடிஞ்சா தெறக்கறீங்களா?"

மூன்று பயிற்சிகள் நடந்தன. மூன்றிலும் அவள் தோற்றாள். "எங்கம்மா ஞாபகம் வந்துடுது," என்றாள். மூன்றாவது முறை பிரூயிட் தன் கையேட்டை மூடிவிட்டார். "நீங்க எப்பவும் உள்ளயே இருந்துடுங்க மேடம்."

மார்ச் பன்னிரண்டு, புதன்கிழமை, பதினொன்று நாற்பது. மாதம் ஒருமுறை எல்லோரும் வீட்டிலிருந்து சமைத்து வந்து பகிர்ந்து சாப்பிடும் நாள். நீள மேசையில் ஆறு மின்பானைகள் வரிசையாக முனகிக்கொண்டிருந்தன. மார்லிஸ் ஊறவைத்த வெள்ளரிக்காய் ஜாடியைக் காரிலிருந்து எடுத்துவரக் கீழே போயிருந்தாள்.

கனமான புத்தகம் ஒன்று தரையில் விழுந்த மாதிரி ஒரு சத்தம். உடனே இன்னொன்று.

இந்த ஊரில் ஆறு வயதுக் குழந்தைக்கும் வேட்டைத் துப்பாக்கியின் சத்தம் தெரியும். ஆனால் அது நவம்பரில், காட்டில் கேட்கிற சத்தம். ஒரு கணம் எல்லோரும் கரண்டியும் கையுமாக நின்றார்கள். பிறகு யாரோ "இது வெளிய இல்ல" என்றார்கள். பத்துப் பேரும் பின்படிக்கட்டுக்குள் மறைந்தார்கள். கதவை யாரும் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. அது சுவரில் மோதித் திரும்பியது.

கர்ட் ஏற்கெனவே உருண்டுகொண்டிருந்தான். ரெனே தண்டவாளத் துண்டை உதைத்தாள். அவனைத் தொடர்ந்து உள்ளே பாய்ந்து கதவை இழுத்தாள். சக்கரத்தில் கைவைத்தாள். ஆனால் உடனே அதைச் சுற்ற மனம் வரவில்லை.

"மார்லிஸ்," என்றாள்.

"கீழ இருக்கா. சத்தமும் கீழதான்."

"வந்துட்டா?"

கர்ட் நாற்காலியின் பிரேக்கைப் போட்டுவிட்டு அவளைப் பார்த்தான். ரெனே பத்து வரை எண்ணினாள். பிறகு ஒன்பது சுற்று சுற்றினாள்.

விளக்கு மட்டும் ரீங்கரித்தது. அவள் மூடியைத் திருகிக் குழாயில் காதை வைத்தாள். மின்பானைகளின் கொதிப்பு. தொலைவில் ஒரு மணி விடாமல் அடித்தது. பிறகு காலடி. மெதுவான, சத்தம் வராமல் வைக்கப் பார்க்கிற காலடி. கதவில் மூன்று தட்டு, பக்கத்து வீட்டில் சர்க்கரை கடன் கேட்க வந்தவள்போல.

"ரெனே கண்ணு, தொந்தரவுக்கு மன்னிக்கணும். உள்ள இருக்கியா?"

கர்ட்டின் கை கதவுச் சக்கரத்துக்குப் போனது. ரெனே அதன்மேல் தன் கையை வைத்தாள்.

"மார்லிஸ்தான் அது," என்றான் உதடசைவில்.

"மரியாதையாப் பேசறா."

"அவ என்னைக்குத்தான் மரியாதை இல்லாமப் பேசுனா? செத்தாலும் மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் சாவா."

"அதேதான். அவன் பின்னாடி நின்னாலும் இப்படித்தான் பேசுவா. நிக்கலைன்னாலும் இப்படித்தான் பேசுவா." ரெனேயின் தலைக்குள் என்னவோ வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. திறக்க ஒன்பது சுற்று. ஒன்பது சுற்றுக்கு இருபது விநாடி. கதவு நகர இன்னும் ஐந்து. வெளியே ஒருவன் இருந்தால் கர்ட்டுக்கு இந்த அறையில் போக வேறு இடமில்லை. பத்தடிக்கு இருபதடி. "குழாய்ல பதில் குரல் குடுத்தாலே நாம இங்க இருக்கறது தெரிஞ்சிடும்."

"என்னை வச்சு யோசிக்காத ரெனே."

"உன்னை வச்சுத்தான் யோசிக்கிறேன். வாயை மூடு."

குழாயில் மூச்சு கேட்டது. ஏதோ சொல்ல வாயெடுத்து விழுங்குவதுபோல ஒரு சத்தம். திட்டு மார்லிஸ், என்று ரெனே மனதுக்குள் கெஞ்சினாள். ஒரே ஒரு வார்த்தை. நாயைத் திட்டுகிற மாதிரியாவது.

"பரவால்ல," என்றது குரல். "அவசரம் ஒண்ணுமில்ல."

காலடி விலகிப் போனது. ஒருவருடையதா, இருவருடையதா? ரெனே காதைப் பித்தளையில் அழுத்தினாள். தெரியவில்லை. அவள் வாழ்க்கையில் எதையும் இவ்வளவு தெரிந்துகொள்ள விரும்பியதில்லை.

முப்பது எண்ணியிருப்பாள். வேறொரு காலடி வந்தது. இது கனமான பூட்ஸ், ஒளிக்கும் எண்ணம் இல்லாதது. ஒரு மின்பானை தரையில் விழுந்து உடைந்தது. கதவின் கைப்பிடிச் சக்கரத்தை யாரோ பிடித்து ஆட்டினார்கள். கர்ட் கையில் ஸ்டேப்ளர் இருந்தது. எப்போது எடுத்து வந்தான் என்று ரெனே பார்க்கவில்லை. ஒரு சாண் இரும்புக்கு அந்தப்பக்கம் ஒருவன் மூச்சு வாங்கினான்.  எண் தட்டை இப்படியும் அப்படியும் வெறுமனே திருகினான். பிறகு பூட்ஸ் முன்படிக்கட்டுப் பக்கம் போனது. கீழே கூச்சல், பல குரல்கள், பிறகு ஒன்றுமில்லை.

நாற்பது நிமிடம்.  ஒருமுறை மட்டும் கர்ட் கேட்டான், "அவனும் அவளும் சேந்து வந்தாங்களா, அவ போனப்புறம் வந்தானா?"

"தெரியல."

"தெரிஞ்சிருந்தா தெறந்திருப்பியா?"

ரெனே மறுபடி குழாயில் காதை வைத்தாள்.

கடைசியில் எண் தட்டு சுழன்றது. திருகல் இல்லை, எண்ணிக்கை. இடம் நான்கு. வலம் மூன்று. ரெனே மூச்சை அடக்கிக்கொண்டு கூடவே எண்ணினாள். இடம் இரண்டு. வலம் ஒன்று. தாழ்கள் கல்லிலிருந்து வெளிவந்தன. அவளும் கர்ட்டும் கைகளை உயர்த்தி விரல்களை விரித்துக் காட்டினார்கள், பயிற்சியில் சொன்னபடி.

பிரூயிட்டின் சட்டை வேர்வையில் ஒட்டியிருந்தது. "புடிச்சாச்சு. கீழே காவலாளிக்குத் தொடையில குண்டு, பொழைச்சுக்குவாரு. நீங்க ரெண்டு பேரும்—"

"மார்லிஸ் எங்க?"

அவர் திரும்பி நடைபாதையைக் கைகாட்டினார். மகளிர் கழிப்பறைக் கதவுக்கு வெளியே, போலீஸ்காரப் பெண் ஒருத்தியின் தோளில் சாய்ந்துகொண்டு, காலணிகளைக் கையில் வைத்தபடி வெறும் காலுறையோடு நின்றிருந்தாள் மார்லிஸ். இன்னொரு கையில் வெள்ளரிக்காய் ஜாடி. மூன்றாவது தடுப்பில், மூடிய இருக்கைமேல் ஏறி, நாற்பது நிமிடம் அசையாமல் நின்றிருக்கிறாள்.

ரெனே அவளிடம் போனாள். கட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் போனாள். வாயில் வந்தது வேறு.

"உன் பின்னாடி ஆள் இருந்தானா?"

"இல்ல கண்ணு. தனியாத்தான் நின்னேன்."

ரெனே சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப ஏன் திட்டலை? மறந்துட்டியா?"

"மறக்கலை." மார்லிஸ் ஜாடியைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "நல்லா ஞாபகம் இருந்துது. மூணு தடவை வாயைத் தெறந்தேன். வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்துது. வெளிய வரலை. அறுபத்து மூணு வயசு, கீழ ஒருத்தன் சுட்டுகிட்டிருக்கான், எனக்குத் திட்ட வரலை. நீங்க தெறக்க மாட்டீங்கன்னும் தெரியும். தெறந்தா கர்ட்டு கதி என்னாகும்? அதான் பரவால்லன்னு சொல்லிட்டுப் போனேன். சுருக்கா நடந்தா கழிப்பறைக்குப் போயிடலாம்னு கணக்குப் போட்டேன்."

"அரை நிமிஷத்துல அவன் வந்துட்டான்."

"பாத்தேன். கதவு இடுக்கு வழியா."

பின்னால் சக்கர நாற்காலி வந்து நின்றது. மூவருக்குமே கணக்குப் போடத் தெரியும். இருபத்தைந்து விநாடி திறக்க, ஒன்பது சுற்று திரும்பப் பூட்ட. அவன் வந்தபோது பூட்டு பாதிதான் சுற்றியிருக்கும். யாரும் அதைச் சொல்லவில்லை.

லிஃப்டை இன்னும் போட்டுவிடவில்லை. பிரூயிட்டும் மூன்று போலீஸ்காரர்களும் கர்ட்டை நாற்காலியோடு தூக்கினார்கள். மார்லிஸ் முன்னே ஓடி, பின்படிக்கட்டுக் கதவைத் திறந்து, முதுகால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலணி ஒரு கையில், ஜாடி ஒரு கையில். கர்ட் வாசலில் அவளைப் பார்த்தான். பழக்கம் விடுமா.

"நீ மொதல்ல போ மார்லிஸ். பரவால்ல."

மார்லிஸ் மூச்சை உள்ளே இழுத்தாள். ரெனே அதைப் பார்த்தாள்: கழுத்து சிவந்தது, பிறகு காது, பிறகு நெற்றி.

"போய்த் தொலைடா எழவெடுத்தவனே," என்றாள் மார்லிஸ் தோர்சன். இருபது படிக்கும் கேட்டது. "நாள்பூரா கதவையா புடிச்சுகிட்டு நிப்பாங்க?"

போலீஸ்காரர்கள் திகைத்து நின்றுவிட்டார்கள். முதலில் சுதாரித்தவர் பிரூயிட்தான். "சொன்னது காதுல விழலை? நடங்கய்யா," என்றார். நாற்காலி இறங்கத் தொடங்கியது. கர்ட் சிரித்த சிரிப்பில் நாலு பேரும் பிடி நழுவாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

கடைசியாக ரெனே வாசலைத் தாண்டினாள். மார்லிஸ் இன்னும் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.